பீப்பாயில் வைத்த வீடு

முந்நூறுக்கு மேல் சுமை ஏறிவிட்டால் அந்த ஆளால் ஓட முடியாது. நடப்பான், அவ்வளவுதான். அதுவும் நம் நடையல்ல. கோயில் பிராகாரத்தில் அடிப்பிரதட்சணம் செய்கிறவரைப்போல ஒரு பாதத்தை வைத்து, அது நிலைத்ததா என்று பார்த்து, அடுத்த பாதத்தை வைப்பான். மலை, காடு, ஆறு, கோட்டை என்று எந்தப் பக்கமும் போகலாம் என்று விரிந்து கிடக்கிற கம்ப்யூட்டர் விளையாட்டு அது. வரைபடத்தில் ஓர் ஊரைத் தொட்டால் அடுத்த நொடி அங்கே நிற்கலாம். சுமை கூடினால் அந்த வசதியும் போய்விடும். திரையின் மூலையில் ஒரு வரி மட்டும் வந்து நிற்கும், சுமை அதிகம் என்று. அந்த வரியோடு நான் ஒரு வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்தினேன்.

காரணம் என் மச்சான். சொந்தத்தில் மச்சான் இல்லை, பழக்கத்தில் மச்சான். கள்ளக்குறிச்சியில் தாலுகா ஆபீஸ் போகிற தெருவில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. எட்டாவதோடு நின்றவன் நான். கம்ப்யூட்டரைக் கழற்றிப் பார்த்து, மாட்டத் தெரியாமல் முழித்து, அப்படியே கற்றுக்கொண்டேன். அவன் வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சிற்றூர்க்காரன். புளியும் கடுக்காயும் மூட்டை கட்டிப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவான். அவனிடம் சரக்கு எடுக்கிற வியாபாரி ஞாயிற்றுக்கிழமைதான் எடை போடுவார். எடை போட்டுவிட்டு, மலைக்குப் பஸ் கிளம்பும்வரை என் கடையில் உட்காருவான். முதலில் ஃபேன் காற்றுக்காக வந்தான், பிறகு விளையாட்டுக்காக. ஆபீஸ் மூடியிருக்கிற நாள், கடையில் ஈயாடாது. ஒரே ஆளை நாங்கள் இருவரும் மாற்றி மாற்றி ஆடினோம். வாரநாளில் நான், ஞாயிறு அவன்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைக்கு வருகிறவர்கள் பேசுகிற பேச்சில் ஏதாவது ஒன்று மனதில் தைத்தால், கெட்டுப்போன ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்துவிடுவேன். மச்சான் பேச்சு மட்டுமே ஒரு கட்டு சேர்ந்திருக்கிறது. அதில் முதல் தாள் பட்டா பற்றியது.

அந்த விளையாட்டில் ஒரு தலைவருக்குக் காரியம் ஒன்றை முடித்துக் கொடுத்தால் ஏரிக்கரையில் ஒரு மனையை எழுதித் தருவார். சுருட்டின தாள் ஒன்று கைக்கு வரும். மச்சான் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியை முன்னுக்கு இழுத்தான்.

“இன்னா மச்சான் இது?”

“பட்டா மாரி.”

“பட்டாவா? யார் பேர்ல?”

“நம்ம ஆள் பேர்லதான்.”

திரையில் தெரிந்த அந்தத் தாளை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு சொன்னான்: “எங்க தாத்தா காலத்துலருந்து ஒரே எடத்துல கீறோம். இன்னும் கையில ஒரு தாளு வரல. இவன் நாலு ஓநாய அடிச்சுட்டு வந்தான், அதுக்குள்ள பட்டா குடுத்துட்டான் பாரு.”

அன்றிலிருந்து அவனுக்குச் சண்டையில் ஆசை போய்விட்டது. ராட்சசனாவது, புதையலாவது. அந்த மனையில் வீடு கட்ட வேண்டும். அதற்குக் கருங்கல், களிமண், அறுத்த மரம், வைக்கோல், கண்ணாடி, ஆணி, கீல், பூட்டுக்கு இரும்பு எல்லாம் வேண்டும். எல்லாம் கிடைக்கிற இடம் ஒரு மூலை, மனை இருக்கிற இடம் இன்னொரு மூலை. நடுவில் இரண்டு மலை. கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப்போய் வைக்கலாம் என்று நான் தலையால் அடித்துக்கொண்டேன். அவன் கேட்கவில்லை. எல்லாவற்றையும் அந்த ஆளின் தோளிலேயே ஏற்றினான். அறுநூறு, எழுநூறு என்று சுமை ஏறிக்கொண்டே போனது.

“வெச்சுட்டு வந்தா திரும்பப் போயி எடுக்கணும் இல்ல? ஒரே தூக்கா தூக்கினு போய்டலாம்.”

ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் நடத்துவான். முதுகில் அம்பு தைத்த நண்டு ஒன்று எங்களைத் தாண்டிக்கொண்டு போனது ஒருநாள். என்னால் தாங்க முடியவில்லை. “நண்டுகூட நம்பளத் தாண்டினு போவுது மச்சான்.”

“போவட்டும். அதுக்கு வூடு கீது, அவசரம்.”

வாரநாட்களில் நான் கட்டிப்போட்ட மாடுபோல இருந்தேன். அவன் நிறுத்தின இடத்தில் ஆள் நிற்பான். எனக்கு ஓட வேண்டும், குதிக்க வேண்டும், குகைக்குள் புக வேண்டும். சுமையை இறக்கினால் அவனுக்குக் கோபம் வரும். எதையாவது எங்கேயாவது வைத்தால்தான் என்ன என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அப்போதுதான் தழை விஷயத்தைச் சொன்னான்.

“எங்க மலையில வெப்போம். கடுக்கா பொறுக்கறப்போ மூட்டை ஜாஸ்தியாப் போச்சுன்னா மரத்தடியில எறக்கி, மேல பச்சத் தழைய ஒரு கொத்து செருகிட்டு வந்துடுவோம். நாலு நாள் ஆனாலும் தொட மாட்டாங்க.”

“பன்னி வந்தா?”

“பன்னிக்கு இன்னா தெரியும் தழையப் பத்தி? மனுசன் தொட மாட்டான்னு சொல்றேன்.”

சிரித்துக்கொண்டே அதையும் தாளில் எழுதினேன்.

இதற்கிடையில் அவன் வீட்டில் கேள்வி வந்துவிட்டது. புளியை எடை போட அரை மணி நேரம்; சாயங்காலம்வரை கள்ளக்குறிச்சியில் இவனுக்கு என்ன வேலை? இவனும் மறைக்கவில்லை, கம்ப்யூட்டரில் வீடு கட்டுகிறேன் என்றான். தங்கச்சி, அதாவது அவன் மனைவி, சொன்ன பதிலை அவனே வந்து என்னிடம் ஒப்பித்தான்: “பொங்கலுக்குத் துணி எடுக்க நானும் வரேன். அந்த வூட்டக் காட்டு. நல்லாருந்தா வாராவாரம் நீயே போ. இல்லன்னா இனிமே மூட்டைய நான் எடுத்துனு எறங்கறேன், நீ வூட்ல ஆடு மேய்.”

அவன் சிரிக்கவில்லை. வாரத்தில் அவனுக்கென்று இருந்தது அந்த ஒரு பகல். எனக்கும் அப்படித்தான். அந்த ஞாயிறு அவன் கிளம்பும்போது ஆள் இரண்டாவது மலையைத் தாண்டி, ஆற்றோரம் மரம் அறுக்கிற சின்ன ஊர் ஒன்றின் வாசலில் நின்றான். ஏரி தூரத்தில் மினுங்கியது. இன்னும் ஒரு பகல் நடந்தால் மனை. அடுத்த ஞாயிறு காலையில் சீக்கிரமே வந்து, நடத்தி முடித்து, தங்கச்சி துணிக்கடையிலிருந்து வருவதற்குள் வீட்டை எழுப்பிவிடுவதாகத் திட்டம்.

“நீ ஒண்ணும் பண்ணாத. ஆள அப்டியே நிக்க வுடு” என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினான்.

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்திருந்த நேரம். முகக்கவசம் எல்லார் தாடையிலும் தொங்கிக்கொண்டிருந்த காலமும் அதுதான். ஊர் ஊராக மனு கொடுக்கப் போனார்கள். கேட்கிறவர்கள், எதிர்க்கிறவர்கள், நமக்கு இருப்பதும் போய்விடுமோ என்று பயந்தவர்கள், எல்லாருக்கும் திடீரென்று சாதிச் சான்றிதழ் ஞாபகம் வந்துவிட்டது. என் கடையில் வரிசை தெருவரைக்கும் நின்றது. மடித்து மடித்து மடிப்பே கிழிந்த சான்றிதழ், எண்ணெய் பட்ட ரேஷன் கார்டு, அப்பாவின் பள்ளிக்கூடச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து எடுத்து, திங்கட்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டரில் இடம் இல்லை என்று வந்துவிட்டது.

வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள். எதை அழிப்பது? விளையாட்டை எங்கெங்கே நிறுத்தினோம் என்று சேமித்து வைத்த கோப்புகள் நூற்றுக்கு மேல் கிடந்தன. ஏதாவது தப்பு நடந்தால் பழையதைத் திறந்து அங்கிருந்து மறுபடி ஆடலாம், அதற்குத்தான் அவை. கடைசி ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்தேன். மனிதர்களின் தாள் உள்ளே போக வேண்டும் என்றால் இந்த ஆளின் பழங்கதை வெளியே போகட்டும் என்று நினைத்தேன். அப்போது அது நியாயமாகவே பட்டது.

செவ்வாய்க்கிழமை எங்கோ ஒரு பஸ்ஸின் கண்ணாடி உடைந்தது என்றார்கள். பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். கச்சிராயபாளையம் வழியாக மலைக்குப் போகிற வண்டியும் நின்றது. கடைகள் பாதி ஷட்டரில் இருந்தன. காலையில் கூட்டம் நெருக்கின தெருவில் போலீஸ் ஜீப்பும் இரண்டு நாயும் மட்டும். எனக்குப் பேச ஆள் வேண்டும். டீக்கடை மூடல். ஷட்டருக்கு அடியில் யாராவது குனிந்து வருவார்களா என்று பார்ப்பேன், உட்காருவேன், எழுந்து இங்க்கைக் குலுக்குவேன். கடைசியில் விளையாட்டைத் திறந்தேன்.

ஆள் நின்ற இடத்தில் நின்றான். ஓட விட்டேன். அடிப்பிரதட்சணம். சுமை அதிகம்.

வெளியிலும் நகர முடியவில்லை, உள்ளேயும் நகர முடியவில்லை. அந்த ஊர் வாசலில், மரம் அறுக்கிற கொட்டகையை ஒட்டி, ஒரு பீப்பாய் இருந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் கொள்கிற மாதிரி. அரை மணி நேரம் ஓடிவிட்டு வந்து எடுத்துக்கொள்ளலாம். கருங்கல், களிமண், மரம், கண்ணாடி, ஆணி என்று எல்லாவற்றையும் அதற்குள் இறக்கினேன். ஆள் பையில் மலையில் பறித்த நீலப் பூங்கொத்து ஒன்று கிடந்தது. மச்சான் ஞாபகம் வந்தது. அதையும் மேலாகப் போட்டேன். தழை வைத்தாயிற்று என்று வாய்விட்டுச் சொல்லிச் சிரித்தேன்.

பிறகு ஓடினேன். அப்பா, என்ன ஓட்டம்! இரண்டு குகை, ஒரு கோட்டை, பனி மலை. அடிபட்டபோதெல்லாம் சத்திரத்தில் படுத்துத் தூங்க வைத்தேன். அந்த நாட்டில் எத்தனை நாள் போனது என்று கணக்கே வைக்கவில்லை. ஒவ்வொரு தடவை சத்திரத்துக்குள் நுழையும்போதும் விளையாட்டு தானாகவே அந்த ஒரே கோப்பின் மேல் சேமித்துக்கொண்டது.

திரும்பி வந்து பீப்பாயைத் திறந்தேன். இரண்டு முட்டைக்கோசு, ஒரு கட்டி உப்பு.

வேறு பீப்பாயோ என்று பக்கத்தில் இருந்ததைத் திறந்தேன். காலி. கொட்டகைக்குள் போனேன். மரம் அறுக்கிறவன், இன்று நல்ல வெயில் என்றான். பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்: நமக்குச் சொந்தமில்லாத பெட்டி, பீப்பாய் எல்லாம் சில நாள் கழிந்தால் தன் பழைய சரக்குக்கே திரும்பிவிடும். நாம் வைத்தது போயே போச்சு. பழைய இடத்துக்குத் திரும்பிப் போகலாம் என்றால், அந்தக் கோப்புகளையும் நானே அழித்தாயிற்று. இதை விளையாடுகிற எல்லாருக்கும் தெரியுமாம். எங்களுக்குத் தெரியாது, நாங்கள் எதையும் எங்கேயும் வைத்ததே இல்லையே.

புதன்கிழமை மச்சான் போன் செய்தான். அவன் ஊரில் சிக்னல் கிடைக்க ஒரு பாறைமேல் ஏற வேண்டும். காற்று இரைகிற சத்தத்தோடு குரல் வரும்.

“பஸ்ஸு வுட்டாங்களா?”

“இல்ல.”

“நம்ம ஆளு?”

“நிக்கறான்.”

“சாமான்லாம்?”

“பத்திரமா கீது” என்றேன்.

போனை வைத்ததும் உட்கார முடியவில்லை. மறுபடி சேர்க்கத் தொடங்கினேன். ஒரு வருடம் சேர்த்ததை நாலு நாளில். மலையடியில் களிமண் வெட்டினேன். கல்லுக்கு ஒரு பக்கம், வைக்கோலுக்கு ஒரு பக்கம். சுமை முந்நூறைத் தொட்டதும் மனைக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். அங்கே நம் பெயரில் ஒரு பெட்டி ஏற்கெனவே இருந்தது, அதில் வைத்தது போகாது. கண்ணாடிதான் சிக்கல். எந்தக் கடைக்காரனிடமும் ஒன்று, இரண்டுக்கு மேல் இல்லை. இடையிடையே நிஜ மனிதர்கள் ஷட்டருக்குள் குனிந்து வந்து நகல் கேட்டார்கள். திரையில் மண் வெட்டுகிற ஆளை நிறுத்திவிட்டு எடுத்துக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை ஓர் அம்மா வந்தார். கையில் மாத்திரைப் பை, ஆஸ்பத்திரிச் சீட்டு. மூன்று நாளாகச் சொந்தக்காரர் வீட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறார். ஊரில் புருஷனுக்கு மாத்திரை போய்ச் சேர வேண்டும். வாசலில் நின்ற ஒருவர் போராட்டம் நியாயமா இல்லையா என்று நீளமாக ஆரம்பித்தார். அந்த அம்மா குறுக்கே சொன்னார்: “எந்தப் பக்கம் நாயம்னு நாளைக்கு ஒக்காந்து யோசிக்கறேங்க. இன்னிக்கி எனக்குக் கச்சிராயபாளையம் போவணும்.”

வழக்கமாக இப்படி ஒரு பேச்சைக் கேட்டால் தாளைத் தேடுவேன். அன்று எழுதக் கை வரவில்லை. ஏனென்றால் அந்த நிமிடம் நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தது, ஞாயிறுவரை பஸ் ஓடக்கூடாது என்று. ஊரே பஸ்ஸுக்குக் காத்திருக்கிறது; மாத்திரை காத்திருக்கிறது; நான் ஒருவன் மட்டும் நாற்பது ஆணிக்காக அது ஓடாமல் இருக்கட்டும் என்கிறேன். அந்த அம்மாவுக்குப் பால் வண்டி ஒன்றைப் பிடித்துக் கொடுத்தேன். நல்லவனாக இருந்து அல்ல, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல்.

சனிக்கிழமை சாயங்காலம் பஸ் விட்டுவிட்டார்கள். மச்சான் போனில் கூவினான்: “காலம்பற மொத வண்டி!”

ஞாயிறு காலை இருவரும் சேர்ந்தே வந்து நின்றார்கள். துணிக்கடைக்குப் பிறகு போகலாம், முதலில் வீடு என்று தங்கச்சி சொல்லிவிட்டாளாம். இலையில் சுற்றின தேனடை ஒன்றை மேசைமேல் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “எங்கண்ணே அந்த வூடு?” என்றாள்.

மச்சான் மௌஸைக் கையில் எடுத்தான். ஆள் மனையிலேயே நிற்பதைப் பார்த்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் நடத்தி வைத்துவிட்டேன் என்று நினைத்தான்போல, முகம் மலர்ந்தது. பிறகு பெட்டியைத் திறந்தான். மேலிருந்து கீழே மெதுவாக உருட்டினான். மறுபடி மேலே போனான்.

“இன்னா மச்சான், கம்மியா கீது?”

தொண்டையில் ஒரு பொய் தயாராகத்தான் இருந்தது. தேனடையைப் பார்த்தேன். “தங்கச்சி, இவன்மேல தப்பு இல்ல. நான்தான் தொலச்சேன்” என்று ஆரம்பித்து பீப்பாய், முட்டைக்கோசு, போனில் சொன்ன பொய் எல்லாவற்றையும் கொட்டினேன்.

மச்சான் கேட்ட முதல் கேள்வி: “தழ வெச்சியா?”

“வெச்சேன். நீலப் பூவோட.”

“யாராண்ட சொன்ன?”

“யாராண்ட சொல்லணும்?”

“தழைய வெச்சுட்டு எறங்கறப்போ, எதிர்ல வர்ற மொத ஆளாண்ட, அது என்னுதுப்பான்னு சொல்லிட்டு வரணும். அவன் போயி இன்னொருத்தனாண்ட சொல்லுவான். சும்மா செருகிட்டு வந்தா அது வெறும் தழதான்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “இத நீ சொல்லவே இல்லியேடா!”

“நீ எங்க கேட்ட? பன்னியப் பத்தி இல்ல கேட்ட?”

தங்கச்சிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். மச்சான் சிரிக்கவில்லை. அவன் விரல் அந்தப் பட்டியலிலேயே மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது, இல்லாததைத் தேடுகிற மாதிரி. அதைப் பார்த்துத்தான் அவளும் சிரிப்பை நிறுத்தினாள்.

“சரி, கீறத வெச்சு இன்னா கட்ட முடியும்?” என்றாள்.

ஓர் அறை எழுந்தது. கதவு இருந்தது, கீல் இருந்தது. பூட்டுக்கு இரும்பு பற்றவில்லை. கண்ணாடி ஒரே ஒரு சன்னலுக்குத்தான் வந்தது. எந்தப் பக்கம் வைக்க என்று மச்சான் அவளைக் கேட்டான். அவள் ஏரிப் பக்கத்தைக் காட்டவில்லை, வழி வருகிற பக்கத்தைக் காட்டினாள். யார் வருகிறார்கள் என்று தெரிய வேண்டுமாம். பிறகு ஆளை உள்ளே நடக்க விட்டு, மூலை மூலையாகப் பார்த்தாள்.

“பூட்டு இல்லியே” என்றேன் நான், குற்ற உணர்ச்சியில்.

“எங்க வூட்ல மட்டும் கீதாண்ணே?” என்றாள். அப்புறம், “அடுப்பு எங்க?”

அடுப்புக்குக் கல்லும் களிமண்ணும் இல்லை. சுவரோடு இரண்டும் தீர்ந்துவிட்டன.

“அடுப்பு இல்லாம இன்னா வூடு? உள்ள வந்தவன் இன்னாத்த துன்றது, அந்த முட்டகோசயா?” என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு புருஷனிடம், “அடுப்பு வெக்கற வரைக்கும் வா. அதுக்கப்பறம் நான் ஒருவாட்டி வந்து பாத்துட்டு சொல்றேன்.”

மச்சான் சட்டென்று மௌஸை வைத்துவிட்டு எழுந்தான். தேனடையைப் பிய்த்து என் கையில் ஒரு துண்டு வைத்தான். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த மன்னிப்பு. பொய்யைப் பற்றி அவன் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

திங்கட்கிழமை ஆளின் தோளில் ஒன்றுமில்லை. பூராவும் பெட்டியில். ஓடலாம், குதிக்கலாம், வரைபடத்தில் தொட்ட ஊருக்குப் போகலாம். ஐந்து நிமிடம் ஓடினேன். ஏதோ வைத்துவிட்டு மறந்துவந்த மாதிரியே இருந்தது. திரும்பி ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். இருந்தது. மூடினேன். மறுபடி திறந்தேன். பாறைமேலிருந்து போன் வந்தது. “சாமான்லாம்?” என்றான். இந்தத் தடவை பத்திரமா என்ற சொல்லை எடுக்கவில்லை. ஆணி ஆறு, வைக்கோல் மூணு கட்டு, கண்ணாடி இல்லை, களிமண் இல்லை என்று உள்ளதை உள்ளபடி வாசித்தேன். அவன் ஒவ்வொன்றுக்கும் உம் கொட்டினான்.

போனை வைக்கவும், இன்னும் பாதி இறங்கியே இருந்த ஷட்டருக்கு அடியில் வேட்டிக்காரர் ஒருவர் குனிந்து உள்ளே வந்தார், கையில் சான்றிதழோடு. முன்பின் பார்த்த முகமில்லை. என்ன தோன்றியதோ, திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

“ஐயா, இந்தப் பொட்டியில கீறது அல்லாம் எங்க மச்சானுதுங்க. தெரிஞ்சு வெச்சுக்கங்க.”

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகக்கவசத்தைக் கீழே இறக்கினார்.

“சரி தம்பி. யார்னா கேட்டா சொல்றேன்” என்றார். “எனக்கு இதுல ரெண்டு காப்பி போடு.”